கரீபியக் கடலில் உல்லாசக் கப்பல்கள்

மயாமித் துறைமுகத்திலிருந்து மாலை வேளையில் புறப்படும் பெரிய கப்பல்களில், டிசம்பர் விடுமுறைக் காலத்தில், அமெரிக்காவில் குடியேறிய நம்மவர் குடும்பங்களைக் காணலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் தாய் தந்தையர், பள்ளி விடுமுறையில் இருக்கும் குழந்தைகள், நெடுநாளைய நண்பர்களின் குடும்பங்கள் இரண்டு மூன்று என்று கூட்டமாகவே இவர்கள் கப்பலேறுகிறார்கள். ஒரு முறை பெட்டியைப் பிரித்து வைத்தால் மறுபடி கட்ட வேண்டிய சிரமம் இல்லாமல், இரவில் உறங்கி எழுந்ததும் புதியதொரு தீவு கண்முன் நிற்க, பகலெல்லாம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பி வந்து, மறுநாள் காலை வேறொரு தீவில் இறங்குவது என்னும் இந்தப் பிரயாண முறை, வயோதிகர்களுக்கும் குழந்தைகளுக்கும் மிக்க சௌகரியமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் இம்முறை எப்படி ஏற்பட்டது, கப்பல்கள் ஏன் இன்ன இன்ன துறைகளில் நிற்கின்றன என்று விசாரிக்கப் புகுந்தால், விஷயம் ஒரு வார விடுமுறையோடு முடிந்துவிடுவதில்லை; அது சர்க்கரை, அடிமை வியாபாரம், தபால், நிலக்கரி, வாழைப்பழம் ஆகியவற்றின் சரித்திரமாக விரிந்து, முடிவில் நம்முடைய காரைக்கால் கடற்கரைக்கே வந்து சேர்கிறது.

முதலில் பூமியின் அமைப்பைச் சொல்ல வேண்டும். போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே தொடங்கித் தென் அமெரிக்கக் கரையை அடுத்த டிரினிடாட் வரையில், வில்லைப் போல வளைந்து கிடக்கும் சிறு தீவுகளின் வரிசையில், ஒரு தீவின் மலையுச்சியிலிருந்து அடுத்த தீவைப் பெரும்பாலும் கண்ணால் காண முடியும். மார்த்தினிக்கிலிருந்து டொமினிக்காவும், டொமினிக்காவிலிருந்து குவாதலூப்பும் தெரியும். இரவில் புறப்பட்ட கப்பல் விடியுமுன் அடுத்த துறையைச் சேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான கடல் உலகில் அதிகம் இல்லை. ஜூன் தொடக்கத்திலிருந்து நவம்பர் முடிவு வரையில் புயல் காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையில் வடகிழக்குக் காற்று ஒரே சீராக வீச, வானம் தெளிந்து, வெப்பமும் தணிந்திருக்கும். வட அமெரிக்காவில் பனி கொட்டும் அதே மாதங்களில் இங்கே வசந்தம் போன்ற பருவம் நிலவுவதே பிற்காலத்து வியாபாரத்துக்கெல்லாம் மூலதனமாக அமைந்தது.

ஆனால் ஐரோப்பியர் இங்கே முதலில் கண்ட மூலதனம் வேறு. 1493-ஆம் ஆண்டில் கொலம்பஸ் தம் இரண்டாவது யாத்திரையில் கரும்பைக் கொண்டு வந்தார். அந்தக் கரும்பு வேரூன்றிய பிறகு, இத்தீவுகளின் ஆதிக்குடிகள் ஏறக்குறைய அழிந்து, ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களின் உழைப்பால் லண்டனிலும் நாந்த்திலும் லிவர்ப்பூலிலும் மாளிகைகள் எழுந்தன. மூன்றரை நூற்றாண்டுகளில் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே கப்பலேற்றப்பட்டவர்கள் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கரை காணாமல் கடலிலேயே மாண்டனர். இன்று நாம் இறங்கும் துறைமுகங்கள் பெரும்பாலும் அந்த வியாபாரத்துக்காக அமைந்தவையே.

ஜமைக்காவின் வடகரையில் உள்ள ஃபால்மத் என்னும் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 1769-இல் ஏற்பட்ட இப்பட்டணம், சுற்றியிருந்த கரும்புத் தோட்டங்களின் சர்க்கரையையும் ரம் மதுவையும் ஏற்றுமதி செய்வதற்கும், அடிமைகளை இறக்குமதி செய்வதற்கும் உரிய துறையாகச் செழித்தது. ஆங்கிலேயர் தீவுகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி நீங்கி, அதன் மிச்சமாக இருந்த கட்டாய உழைப்பும் 1838-இல் ஒழிந்தபோது, அவ்வாண்டு ஜூலை 31-ஆம் தேதி நள்ளிரவில், வில்லியம் நிப் என்னும் பாப்டிஸ்ட் பாதிரியாரின் சபையைச் சேர்ந்த மக்கள், ஒரு விலங்கையும் சவுக்கையும் கழுத்து இரும்பையும் சவப்பெட்டியில் இட்டு, பிரேதத்தை அடக்கம் செய்வது போலவே மண்ணில் புதைத்தார்கள். அப்பால் சர்க்கரை விலை வீழ, பட்டணமும் வாடிப் போயிற்று. 2011-ஆம் ஆண்டில் அங்கே பெரிய கப்பல் துறை ஒன்று கட்டப்பட்டு, உலகிலேயே பெரிய உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கத் தொடங்கின. சர்க்கரை வியாபாரிகள் கட்டிய வீதிகள் இன்றும் கப்பல் துறைக்கு அருகிலேயே இருக்கின்றன. கடைவீதியைத் தாண்டிச் சற்று நடந்து, நிப் பாதிரியாரின் கோயில் வரையில் சென்று வருவது பிரயாணிகளுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை.

தீவு தீவாகச் செல்லும் கப்பல் முறையை உண்மையில் தொடங்கி வைத்தது தபால். 1839-இல் ராஜாங்க சாசனம் பெற்ற ராயல் மெயில் நீராவிக் கப்பல் கம்பெனி, 1842-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் இங்கிலாந்திலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கடிதங்களைச் சுமந்து செல்லலாயிற்று. பெரிய கப்பல் ஒரு மையத் துறைக்கு வரும். அங்கிருந்து சிறிய கப்பல்கள் ஒவ்வொரு தீவுக்கும் தபாலைப் பிரித்துக் கொண்டு போகும். அந்த மையமாக நெடுங்காலம் விளங்கியது டென்மார்க் தேசத்தாருக்குச் சொந்தமாயிருந்த செயின்ட் தாமஸ் தீவின் ஷார்லட் அமாலியாத் துறை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட தீவில் கப்பல் வந்து சேரும் என்னும் நிச்சயம் ஏற்பட்ட பிறகே, உத்தியோகமும் வியாபாரமும் இல்லாத ஒருவர், பார்ப்பதற்காக மட்டும் தீவுகளைச் சுற்றி வருதல் சாத்தியமாயிற்று.

நீராவிக் கப்பலுக்கு உணவு நிலக்கரி. ஷார்லட் அமாலியாவில் அந்தக் கரியைக் கப்பலில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தலையில் கூடையோடு பலகைப் பாலத்தின் மேல் வரிசையாக ஏறி இறங்கி, இரவும் பகலும் அவர்கள் சுமந்த கரியே அக்காலத்துப் பிரயாணிகளைத் தீவுக்குத் தீவு கொண்டு சென்றது. 1892-இல், மதிப்புக் குறைந்த மெக்ஸிகோ வெள்ளி நாணயத்தில் கூலி கொடுக்கப்பட்டதை எதிர்த்து இவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களை வழிநடத்திய கோசையா என்னும் பெண்ணை அத்தீவு மக்கள் இன்றும் ராணி என்றே போற்றுகிறார்கள். 1912-இல், பனாமாக் கால்வாய் திறக்கப்போவதை எதிர்பார்த்து, டென்மார்க் முதலாளிகள் சிலர் புதிதாக ஒரு கம்பெனி அமைத்து, ஹேவன்சைட் என்னும் இடத்தில் கரித்துறை ஒன்றைக் கட்டினார்கள். 1917-இல் அமெரிக்கா இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து அத்தீவுகளை விலைக்கு வாங்கிக்கொண்டது. கரியின் காலம் போய் எண்ணெயின் காலம் வந்தது. கரிக்காகக் கட்டிய அதே ஹேவன்சைட் துறையில்தான் இன்று உல்லாசக் கப்பல்கள் வரிசையாகக் கட்டப்படுகின்றன. கரிமூட்டை அடுக்கிய இடங்களில் நகைக் கடைகளும் கடிகாரக் கடைகளும் நிறைந்திருக்கின்றன.

தபால் கப்பலில் வந்த பிரயாணிகளில் இருவரைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்வது அவசியம். ஜேம்ஸ் அந்தோணி ஃப்ரூட் என்னும் ஆங்கிலேயர் பெரிய சரித்திராசிரியர் என்று பெயர் பெற்றவர். இவர் 1887-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தீவுகளைச் சுற்றி வந்து, மறு ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். பல தீவுகளில் சில நாட்களும், சிலவற்றில் சில மணி நேரமுமே தங்கியவர். கவர்னர் மாளிகைகளிலும் தோட்டக்காரர் இல்லங்களிலும் விருந்துண்டவர். அப்படிப் பார்த்த பார்வையைக் கொண்டே, கறுப்பின மக்கள் தம்மைத் தாமே ஆள்வதற்குத் தகுதியற்றவர் என்று தீர்ப்புக் கூறினார். இதற்கு விடையிறுத்தவர் டிரினிடாடைச் சேர்ந்த ஜான் ஜேக்கப் தாமஸ் என்னும் கறுப்பினப் பள்ளியாசிரியர். தம் தீவின் மக்கள் பேசும் கிரியோல் மொழிக்கு 1869-ஆம் ஆண்டிலேயே இலக்கணம் வகுத்த மேதை அவர். 1889-இல் லண்டனில் வெளியான அவருடைய மறுப்பு நூல், ஃப்ரூட் செய்த பிழைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, கப்பல் தளத்திலிருந்தும் குதிரை வண்டியிலிருந்தும் ஒரு சமூகத்தை அளக்க முடியாது என்பதை நிலைநாட்டியது. அதே ஆண்டில் அவர் லண்டனிலேயே காலமானார். தீவு தீவாகச் செல்லும் பிரயாணத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள், இந்தப் பள்ளியாசிரியர் எழுதியதையே நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். அவர் பிரயாணி அல்லர், பார்க்கப்பட்டவர்களில் ஒருவர் என்பதே அதற்குக் காரணம்.

ஃப்ரூட் பயணம் செய்த அதே 1887-ஆம் ஆண்டின் கோடையில் நியூயார்க்கிலிருந்து பாரகூட்டா என்னும் கப்பலில் புறப்பட்ட லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர் வேறு வகையான மனிதர். மேலெழுந்தவாரியாகத் தீவுகளைப் பார்த்துத் திரும்பிய பிறகும் மனம் நிறையாமல், மீண்டும் சென்று மார்த்தினிக்கின் செயின்ட் பியர் நகரத்தில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினார். தலைச்சுமை தூக்கி மலைப்பாதையில் நடக்கும் பெண்களின் நடையையும், அவர்கள் உடுத்தும் துணியின் நிறங்களையும், அவர்கள் சொல்லும் கதைகளையும் பொறுமையாகக் கேட்டெழுதினார். அவர் எழுதிய நகரம் இன்றில்லை. 1902-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி காலையில் பெலே எரிமலை வெடித்து, ஒரு சில நிமிஷங்களில் 28,000 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். துறையில் நின்ற கப்பல்களும் எரிந்தன. சில ஆண்டுகளுக்குள்ளேயே அந்த இடிபாடுகளைப் பார்ப்பதற்கென்று கப்பல்கள் வரத் தொடங்கின, இன்றும் வருகின்றன.

இனி வாழைப்பழத்தின் கதை. அமெரிக்க மாஸசூஸெட்ஸ் பகுதியைச் சேர்ந்த லோரென்ஸோ டௌ பேக்கர் என்னும் கப்பல் தலைவர், 1870-இல் டெலிகிராஃப் என்னும் பாய்க்கப்பலில் ஜமைக்காவுக்கு வந்து, குலை ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் வீதம் 160 வாழைக்குலைகளை வாங்கி ஏற்றிக்கொண்டு, பதினொரு நாளில் ஜெர்ஸி ஸிட்டியை அடைந்து நல்ல லாபத்துக்கு விற்றார் என்பது வாழை வியாபாரத்தின் ஆதி விருத்தாந்தம். 1885-இல் பாஸ்டன் பழக் கம்பெனி தோன்றியது. 1899-இல் அது வேறு சில ஸ்தாபனங்களோடு கலந்து யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி ஆயிற்று. வாழைக்காய் வழியில் பழுத்துவிடாதபடி குளிர்ச்சியாக வைக்க வேண்டும். அதிகக் குளிரில் கறுத்துவிடும். ஆகையால் குளிர்பதன யந்திரங்கள் அமைத்து, வெயிலின் வெப்பம் உள்ளே இறங்காதபடி கப்பலின் உடல் முழுவதற்கும் வெள்ளை வர்ணம் பூசினார்கள். இவ்வாறு தோன்றிய வெள்ளைக் கப்பல் படை, வடக்கே பழம் கொண்டு வந்த பின் தெற்கே திரும்பும்போது வெறுமையாகச் செல்ல வேண்டியிருந்தது. அந்த வெறுமையை நிரப்புவதற்கே அறைகள் அமைத்துப் பிரயாணிகளை ஏற்றினார்கள். பேக்கர் ஜமைக்காவின் போர்ட் அன்டோனியோவில் டிச்ஃபீல்ட் என்னும் பெரிய விடுதியையும் கட்டினார். விடுதியின் தாழ்வாரத்தில் பனிக்காலத்துக்குப் பயந்து வந்த பாஸ்டன் செல்வர்கள் அமர்ந்திருக்க, கீழே துறையில் தீவட்டி வெளிச்சத்தில் ஆண்களும் பெண்களும் விடியவிடியத் தலையில் குலை சுமந்து கப்பலேற்றினார்கள். ஒவ்வொரு குலையையும் எண்ணுவதற்குக் கணக்கர் ஒருவர் வாயிலில் நிற்பார். மற்ற நாடுகளில் இந்தக் கம்பெனி அரசாங்கங்களையே ஆட்டி வைத்த கதை தனியே எழுதத் தக்கது. உல்லாசக் கப்பல்களுக்கு வெள்ளை நிறம் பூசும் வழக்கத்துக்கு இந்த வாழைக் கப்பல்களும் முன்னோடி என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

உல்லாசத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் கப்பல் ஜெர்மானியருடையது. ஹாம்பர்க் அமெரிக்கா கம்பெனியை நடத்திய ஆல்பர்ட் பாலின், குளிர் காலத்தில் அட்லாண்டிக் வழியில் பிரயாணிகள் குறைந்து கப்பல்கள் சும்மா நிற்பதைக் கண்டு, அவற்றை வெயில் நாடுகளுக்கு அனுப்பலாம் என்று 1891-ஆம் ஆண்டிலேயே மத்தியதரைக் கடலில் பரீட்சை செய்து பார்த்தவர். பிறகு 1900-இல் பிரின்ஸெஸ்ஸின் விக்டோரியா லூயிஸே என்னும் கப்பலைக் கட்டுவித்தார். 120 அறைகள், எல்லாம் முதல் வகுப்பு. நூல்நிலையம், தேகப்பயிற்சிக் கூடம், பிரயாணிகள் தாம் எடுத்த புகைப்படங்களைக் கழுவிக்கொள்ள ஓர் இருட்டறை ஆகியவையும் அதில் உண்டு. 1901-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அது நியூயார்க்கிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு வந்தது. 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் தேதி இரவு, ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைக்கு வெளியே கலங்கரை விளக்கத்தின் அருகில் பாறையில் மோதித் தரைதட்டியது. பிரயாணிகள் அனைவரும் உயிர் தப்பினர். கப்பல் தலைவர் தம் அறைக்குச் சென்று தம்மையே சுட்டுக்கொண்டு மாண்டார். சரியாக ஒரு மாதம் கூட ஆகுமுன், 1907 ஜனவரி 14-ஆம் தேதி, கிங்ஸ்டன் நகரமே பூகம்பத்தில் இடிந்து விழுந்தது.

முதல் உலக யுத்தத்துக்குப் பிந்திய காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். 1920 முதல் 1933 வரையில் அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தமையால், அயல்நாட்டுக் கப்பலேறி நஸ்ஸாவுக்கும் ஹவானாவுக்கும் சென்று வருவது ஒரு வழக்கமாயிற்று; பொருளாதார மந்தத்தில் ஆள் கிடைக்காமல் நின்ற பெரிய அட்லாண்டிக் கப்பல்களையும் குளிர்காலச் சுற்றுலாவுக்கு அனுப்பினார்கள். அந்த மந்தம் நீடித்த ஆண்டுகளில்தான், 1935-இல் செயின்ட் கிட்ஸிலும், 1937-இல் டிரினிடாடிலும் பார்படோஸிலும், 1938-இல் ஜமைக்காவிலும் தொழிலாளர் கிளர்ச்சிகள் வெடித்து, தீவுகளின் சுயராஜ்ய இயக்கத்துக்கு வித்திட்டன. கப்பல் கம்பெனிகளின் வர்ணப் படங்களில் இவற்றுக்கு இடமில்லை.

இன்றைய உல்லாசக் கப்பல் தொழில் பிறந்தது மயாமியில், 1960-களில். அதற்குப் பல காரணங்கள் ஒன்று கூடின. 1958-இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியதும், சமுத்திரக் கப்பல்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. 1959-இல் கியூபாவில் புரட்சி நிகழ்ந்து, பிறகு அமெரிக்கரின் வருகை நின்றுபோகவே, ஹவானாவின் இடத்தை நஸ்ஸாவும் ஸான் ஹுவானும் செயின்ட் தாமஸும் பங்கிட்டுக்கொண்டன. பார்படோஸில் 1961-இல் ஆழ்துறை திறக்கப்பட்டது. அதுவரையில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட, பிரயாணிகள் படகில் கரை சேர்ந்தார்கள். அவர்கள் எறியும் நாணயங்களுக்காகத் தீவுச் சிறுவர்கள் நீரில் மூழ்கி எடுப்பது பல துறைகளில் அன்றாடக் காட்சி.

பழைய கப்பல்களின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மயாமியிலிருந்து நஸ்ஸாவுக்குச் சென்ற யார்மத் காஸில் என்னும் கப்பல், 1965-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் தேதி அதிகாலையில் நடுக்கடலில் தீப்பற்றி மூழ்கியது. 90 பேர் மாண்டனர். 1927-இல் கட்டப்பட்ட அக்கப்பலின் உள்ளமைப்பில் மரவேலை மிகுந்திருந்தமையால் தீ விரைந்து பரவியது. அந்தப் பரிதாபத்தின் விளைவாகச் சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, எரியாத பொருள்களால் கப்பலைக் கட்டும் முறை வற்புறுத்தப்பட்டது. இன்று கப்பலேறியவுடன் ஒவ்வொரு குடும்பத்தையும் தத்தம் ஆபத்துக்காலக் கூடுமிடத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறார்களே, அந்தச் சில நிமிஷங்களை வீண்பொழுதாக எண்ணாமல் குழந்தைகளையும் கவனிக்கச் செய்ய வேண்டும்.

1966-ஆம் ஆண்டு டிசம்பரில், க்நூட் க்ளோஸ்டர் என்னும் நார்வே தேசத்துக் கப்பல் முதலாளி, ஐரோப்பாவில் ஓட்டுவதற்கென்று கட்டிய ஸன்வர்ட் என்னும் புதுக் கப்பலை, டெட் அரிஸன் என்பவரின் ஏற்பாட்டின் பேரில் மயாமிக்குக் கொண்டு வந்து, வாரந்தோறும் நஸ்ஸாவுக்கு ஓட்டத் தொடங்கினார். சில நாட்களே எடுக்கும் பயணம், நடுத்தரக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணம், புதிய கப்பல், எல்லோருக்கும் ஒரே வகுப்பு. இந்த நான்கும் சேர்ந்ததே புரட்சி. 1970-இல் ராயல் கரீபியன் கம்பெனியின் ஸாங் ஆஃப் நார்வே வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து விமானத்தில் மயாமிக்கு அழைத்து வந்து கப்பலேற்றும் முறையையும் அக்கம்பெனி வளர்த்தது. கப்பலை அழிக்க வந்த விமானமே கப்பலுக்கு ஆள் சேர்க்கும் வண்டியாக மாறிற்று. க்ளோஸ்டரோடு பிரிந்த அரிஸன், 1972-இல் கார்னிவல் கம்பெனியைத் தொடங்கினார். அதன் முதற்கப்பல் முதல் பயணத்திலேயே மயாமிக்கு வெளியே மணல் திட்டில் சிக்கிக்கொண்டது. ஆயினும் பிற்காலத்தில் உலகிலேயே பெரிய உல்லாசக் கப்பல் ஸ்தாபனமாக அது வளர்ந்தது. 1977 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய ஒரு கப்பல் தொடர் கதையும், கப்பல் பயணம் கிழவர்களுக்கும் செல்வர்களுக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணத்தைப் போக்கிற்று.

இங்கே ஒரு சட்ட விஷயத்தையும் கூற வேண்டும். அயல்நாட்டுக் கொடியுடைய கப்பல் அமெரிக்கத் துறைகளுக்கிடையே பிரயாணிகளை ஏற்றிச் செல்லக்கூடாது என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. உல்லாசக் கப்பல்களோ, வரியும் கூலியும் குறைவாக இருக்கும் பொருட்டுப் பெரும்பாலும் பனாமா, பஹாமாஸ் போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுபவை. ஆகையால் மயாமியில் புறப்பட்டு மயாமிக்கே திரும்பும் கப்பலும் இடையில் ஓர் அந்நிய நாட்டுத் துறையைத் தொட்டே ஆக வேண்டும். நஸ்ஸா இவ்வளவு கூட்டம் காண்பதற்கு அதன் அழகோடு இந்தச் சட்டமும் காரணம்.

அப்பால் கப்பல்கள் பெருக்கத் தொடங்கின. 1988-இல் 73,000 டன் கப்பல் ஒன்றைக் கண்டு உலகம் வியந்தது. 2009-இல் 2,25,000 டன். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் தொடங்கிய ஐகான் ஆஃப் தி ஸீஸ் ஏறக்குறைய 2,50,000 டன் அளவும், 7,600 பிரயாணிகள் வரை ஏறும் வசதியும் உடையது. சிறிய தீவின் தலைநகரில் இத்தகைய கப்பல்கள் மூன்று ஒரே நாளில் நின்றால், ஊராரைவிட விருந்தினர் அதிகம். கம்பெனிகள் இதோடு நில்லாமல், 1977-இல் பஹாமாஸில் ஒரு சிறு தீவையே விலைக்கு வாங்கியும், 1986-இல் ஹெய்ட்டியின் வடகரையில் லபடி என்னும் கடற்கரையைக் குத்தகைக்கு எடுத்து வேலியிட்டும், தீவையே தமக்குச் சொந்தமாக்கிக்கொண்டன. 2010 ஜனவரி 12-ஆம் தேதி ஹெய்ட்டியின் தலைநகரம் பூகம்பத்தில் நொறுங்கிய மூன்றாம் நாளே லபடியில் கப்பல் வந்து நின்றது. நிவாரணப் பொருள்களையும் இறக்கிற்று, பிரயாணிகளையும் குளிக்க இறக்கிற்று. இது தகுமா என்று அப்போது உலகெங்கும் விவாதம் எழுந்தது. என் அபிப்பிராயத்தில், கப்பல் வந்ததைவிட வேலியே குற்றம். 1804-இல் அடிமைகள் தாமே போரிட்டு வென்று அமைத்த முதல் சுதந்திர நாட்டின் மண்ணில் இறங்கியும், அந்நாட்டின் வீதி ஒன்றைக்கூடக் காணாமல் திரும்பும்படி பிரயாணத்தை அமைப்பது, விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் ஒருங்கே செய்யும் அநீதி.

இனி நம்மைச் சேர்ந்த செய்தி. அடிமை முறை ஒழிந்ததும், தோட்டக்காரர்கள் மலிவான உழைப்பைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845-இல் டிரினிடாடுக்கும் ஜமைக்காவுக்கும் முதல் கப்பல்கள் சென்றன. ஒப்பந்தக் கூலிகளாகக் கரீபியப் பகுதிக்குச் சென்ற இந்தியர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர். ஆங்கிலேயர் தீவுகளுக்குச் சென்றவரில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வடநாட்டார். சென்னையில் ஏறியவர்களும் உண்டு. ஆனால் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றவர்களில் மிகப் பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தென்னாட்டு மக்கள். அவுரேலி என்னும் கப்பல் 1853 மே மாதத்தில் மார்த்தினிக்கையும், 1854 டிசம்பர் 24-ஆம் தேதி குவாதலூப்பையும் அடைந்தது. 1889 வரையில் குவாதலூப்பில் மட்டும் சுமார் 42,000 பேரும், மார்த்தினிக்கில் சுமார் 25,000 பேரும் கரையிறங்கினர். மாதக்கணக்கில் கடலில் கிடந்து, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த அவர்களில், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் சிறுபான்மையே.

அவர்கள் போவதற்கு முன்பே அவர்கள் நாட்டுத் துணி போயிருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட பருத்தித் துணி, மெட்ராஸ் என்னும் பெயரோடு தீவுகளின் பெண்களுக்குத் தலைமுண்டாசாயிற்று. குவாதலூப், மார்த்தினிக், டொமினிக்கா, செயின்ட் லூஸியா ஆகியவற்றில் திருவிழா உடையாக அது இன்றும் விளங்குகிறது. கப்பல் துறையில் பிரயாணிகளை வரவேற்று ஆடும் பெண்கள் உடுத்தியிருப்பது அதுவே. பிறகு சென்ற மக்கள் மாரியம்மனையும் மதுரை வீரனையும் கொண்டு சென்றார்கள். பொருள் மறந்து போன பின்னும், பிரெஞ்சு எழுத்தில் குறித்து வைத்த தமிழ்ப் பாட்டுக்களைப் பாடி, தப்பட்டை கொட்டி, வழிபாட்டை விடாமல் காத்தார்கள். ராமஸ்ஸாமி, முத்துஸ்ஸாமி என்னும் குடும்பப் பெயர்கள் அங்கே இன்றும் வழங்குகின்றன. குவாதலூப்பில் 1863-இல் பிறந்த ஹென்றி சிதம்பரம், இந்திய வமிசத்தாருக்கு வாக்குரிமை இல்லை என்று உத்தியோகஸ்தர்கள் மறுத்தபோது, 1904-இல் வழக்குத் தொடங்கி, 1923-இல் அவர்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைக்கும் வரையில் ஓயாமல் போராடினார். நம் நாட்டுப் பள்ளிக்கூடப் புத்தகங்களில் இப்பெயர் இடம் பெறாமலிருப்பது பெருங்குறை.

ஆதலின், முதல் முறையாகக் குடும்பத்தோடும் நண்பர்களோடும் கப்பலேறப் போகும் வாசகருக்கு என் வேண்டுகோள் இது. கடற்கரையும் நீராடலும் எல்லாத் தீவுகளிலும் உண்டு. அவற்றை மனமார அனுபவியுங்கள். ஆனால் கிழக்குப் பக்கத்துச் சிறு தீவுகளுக்குச் செல்லும் கப்பலைத் தேர்ந்தெடுக்க முடியுமானால், குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பீத்ர் துறையில் நிற்கும் கப்பலாகப் பாருங்கள். அங்கே டார்பூஸியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில், 2015-இல் திறக்கப்பட்ட அடிமை வியாபார நினைவாலயம் இருக்கிறது. காலையில் அதைப் பாருங்கள். பிறகு வண்டி அமர்த்திக்கொண்டு, தெற்கே செல்லும் சாலையில் காப்பெஸ்தேர் பட்டணத்தை அடுத்த சாங்ஜிக்குச் செல்லுங்கள். வாழைத் தோட்டங்களுக்கும் கரும்பு வயல்களுக்கும் இடையே, சாலையோரத்தில் வர்ணம் தீட்டிய உருவங்களோடு மாரியம்மன் கோயில் நிற்கிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் குழந்தைகளையும் தவறாமல் அங்கே அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள பெரியவர்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகத் துறைக்குத் திரும்பிவிடுங்கள்.